யோனி நுண்ணுயிர்களும் எச்.பி.வி.யும்: நிரூபணம் எவ்வளவு, ஊகம் எவ்வளவு?

கருப்பைவாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு மருத்துவத்திடம் ஐயமற்ற பதில் இருக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு 1983இல் எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸின் 16 என்ற வகையையும், அடுத்த ஆண்டு 18 என்ற வகையையும் புற்றுத் திசுவில் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரு வகைகள் மட்டுமே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குப் பொறுப்பு.

இந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. உடலுறவு வாழ்க்கை தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானாகவே மறைந்துவிடுகிறது. மீதிப் பேரில் சிலருக்கு அது தங்கி, பத்து இருபது ஆண்டுகளில் புற்றாக முற்றுகிறது. ஒரே வைரஸ் ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தியை ஏன் பிடித்துக்கொள்கிறது?

கடந்த பதினைந்து ஆண்டுகளாக இதற்கு ஒரு விடை பலமாக முன்வைக்கப்படுகிறது. யோனியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்தால் அங்குள்ள நோய் எதிர்ப்பு தடுமாறுகிறது, வைரஸ் தங்கிவிடுகிறது என்பதே அது. ஆய்வரங்கில் இது கருதுகோள். மருந்துக்கடை அலமாரிக்கு வரும்போது, நல்ல பாக்டீரியாவை விழுங்கினால் வைரஸ் ஓடிவிடும் என்ற வாக்குறுதியாகிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டுமானால் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். சமநிலைக் குலைவுக்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா? அந்தத் தொடர்பு காரண காரியத் தொடர்பா? குலைவைச் சரிசெய்தால் வைரஸ் விலகுகிறதா?

யாருடைய இயல்பு?

முதலில் சமநிலை என்பது எது என்று தெரிந்தாக வேண்டும். 1892இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆரோக்கியமான பெண்களின் யோனியில் அமிலம் சுரக்கும் கோல் வடிவ பாக்டீரியாக்களை விவரித்தார். இன்று லாக்டோபேசில்லஸ் என்று அறியப்படுபவை இவையே. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் செயலால் யோனிச் சுவரில் கிளைகோஜன் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையை உண்டு இவை லாக்டிக் அமிலம் சுரக்கின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.5க்குக் கீழே நிற்பதற்கு இதுவே காரணம். இவை குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா, ஸ்னேதியா போன்றவை பெருகும் நிலைக்கு பாக்டீரியல் வெஜினோசிஸ் என்று பெயர். மீன்வாடையோடு வெள்ளைப்படுதல் இதன் பழகிய அறிகுறி. ஆனாலும் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. உலகில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த நிலை காணப்படுகிறது.

இதைக் கண்டறிய 1983இல் ஆம்செல் வகுத்த நான்கு அடையாளங்களும், 1991இல் நூஜென்ட் வகுத்த மதிப்பெண் முறையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பின்னர் மரபணு வரிசைப்படுத்தல் வந்தது. ஜாக் ரவேலும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்காவில் அறிகுறி ஏதுமில்லாத 396 பெண்களின் நுண்ணுயிர்களை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். நான்கு வகைகளில் ஏதேனும் ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் ஆட்சி செய்கிறது: கிரிஸ்பேட்டஸ், கேசெரி, இனர்ஸ், ஜென்செனி. நான்காம் வகை என்று எண்ணிடப்பட்ட எஞ்சிய ஒன்றில் லாக்டோபேசில்லஸ் அருகி, பலவகை பாக்டீரியாக்கள் கலந்து வாழ்கின்றன.

இந்த நான்காம் வகை வெள்ளையினப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினரிடமும், ஆசியப் பெண்களில் சுமார் 20 விழுக்காட்டினரிடமும் இருந்தது. கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்களில் அது 40 விழுக்காட்டை நெருங்கியது. எல்லோரும் நலமாக இருந்தவர்கள். அப்படியானால் நான்காம் வகை நோயா, வேறொரு இயல்பா? ஒரு சாரார் அது அந்தப் பெண்களின் இயல்பு என்கிறார்கள். மற்றவர்கள், வறுமையும் பாகுபாடும் உடலில் விட்ட தடம் என்று வாதிடுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் நான்காம் வகையை எடுத்த எடுப்பிலேயே குலைவு என்று பெயரிடும் ஆய்வு, நிறுவ வேண்டியதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலையானதல்ல. 32 பெண்களிடம் 16 வாரங்கள், வாரம் இருமுறை மாதிரி எடுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், சிலருக்குச் சில நாட்களிலேயே ஒரு வகை இன்னொரு வகையாக மாறியது. மாதவிடாய், உடலுறவு எல்லாமே அதை அசைத்தன. ஒரே ஒரு நாள் எடுத்த மாதிரியைக் கொண்டு ஒரு பெண்ணின் நுண்ணுயிர் நிலை இதுதான் என்று முத்திரை குத்துவது எவ்வளவு பலவீனமான அடித்தளம் என்பதை இது காட்டுகிறது. இத்துறையின் பெரும்பாலான ஆய்வுகள் அந்த அடித்தளத்தின் மீதே நிற்கின்றன.

தொடர்பு உண்டு, ஆனால்

2013இல் தென்கொரியாவில் இரட்டையரையும் அவர்களது குடும்பத்தினரையும் உள்ளடக்கிய 68 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வைரஸ் இருந்தவர்களிடம் பலவகை பாக்டீரியாக்கள் மிகுந்தும் லாக்டோபேசில்லஸ் குறைந்தும் இருந்தன. ஸ்னேதியா ஓர் அடையாளமாகத் தென்பட்டது. மரபணுவையும் வளர்ப்பையும் பகிர்ந்துகொண்ட இரட்டையரிலும் இந்த வேறுபாடு தெரிந்தது என்பது இந்த ஆய்வின் வலு.

இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் அனிதா மித்ரா குழுவினர் 169 பெண்களை ஆராய்ந்தார்கள். நான்காம் வகை, நலமாக இருந்தவர்களில் 10 விழுக்காடு, கருப்பைவாய்ச் செல்களில் லேசான முன்புற்று மாற்றம் கண்டவர்களில் 21, தீவிர மாற்றம் கண்டவர்களில் 27, புற்றுநோயாளிகளில் 40 என்று படிப்படியாக ஏறியது. துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் படிவரிசை இது. ஆனால் அந்தப் படிகளின் இரு முனைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். நலமாக இருந்தவர்கள் 20 பேர். அவர்களில் இருவர் நான்காம் வகை. புற்றுநோயாளிகள் ஐவர், அவர்களிலும் இருவர். ஐவரில் ஒருவர் மாறியிருந்தால் 40 என்பது 60 ஆகியிருக்கும், அல்லது 20 ஆகியிருக்கும். இடைப்பட்ட இரு குழுக்களில் போதிய பேர் இருந்தார்கள் என்பதால் ஆய்வின் திசை நம்பத்தக்கது. முனைகளிலுள்ள எண்களை அப்படியே மேற்கோள் காட்டும் கட்டுரைகள்தான் நம்பத்தக்கவை அல்ல.

தனி ஆய்வுகளின் சிறுமையைத் தொகுப்பாய்வுகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. 2020இல் நோரன்ஹாக் குழு செய்த தொகுப்பாய்வில், கிரிஸ்பேட்டஸ் ஆட்சி செய்யும் பெண்களோடு ஒப்பிட, லாக்டோபேசில்லஸ் அருகியவர்களிடமும் இனர்ஸ் ஆட்சி செய்பவர்களிடமும் எச்.பி.வி. காணப்படும் வாய்ப்பு 3 முதல் 5 மடங்கு இருந்தது. இது வைரஸ் இருக்கிறதா என்று ஒரு கணத்தில் பார்த்த கணக்கு. காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளை மட்டும் 2019இல் புரூசெலேர்ஸ் குழு தொகுத்தபோது எண்கள் கணிசமாகச் சுருங்கின. குலைவு உள்ளவர்களுக்கு வைரஸ் புதிதாகத் தொற்றும் ஆபத்து 1.33 மடங்கு. தொற்று நீடிக்கும் ஆபத்து 1.14 மடங்கு. தீவிர முன்புற்று மாற்றமோ புற்றோ வரும் ஆபத்து 2.01 மடங்கு.

இந்த மூன்று எண்களில் நடுவிலுள்ளதுதான் நம் கேள்விக்கு நேரான பதில். குலைவால் வைரஸ் தங்கிவிடுகிறது என்பதே கருதுகோளின் மையம். அந்த மையத்தில் கிடைப்பது 1.14. பூஜ்யமல்ல, ஆனால் ஓர் ஒற்றைக் காரணமாக நிற்கும் அளவுக்குப் பெரிதுமல்ல.

காலப்போக்கில் பார்த்த மூன்று முக்கிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. 2014இல் பிராட்மன் குழு 32 பெண்களை 16 வாரங்கள் தொடர்ந்தது. கேசெரி ஆட்சி செய்தவர்களிடம் வைரஸ் மிக விரைவில் மறைந்தது. 2020இல் கோஸ்டாரிகாவின் தடுப்பூசி ஆய்வில் பங்கேற்ற 273 பெண்களைப் பார்த்த உசிக் குழுவின் ஆய்வில், வைரஸ் விலகியதோடு பொருந்தி வந்தது இனர்ஸ். தொகுப்பாய்வில் குற்றஞ்சாட்டப்பட்ட அதே இனர்ஸ்! அதே ஆண்டு மித்ரா குழு, இரண்டாம் நிலை முன்புற்று மாற்றம் இருந்தும் சிகிச்சை அளிக்கப்படாமல் கண்காணிக்கப்பட்ட 87 இளம்பெண்களைப் பின்தொடர்ந்தது. லாக்டோபேசில்லஸ் ஆட்சி செய்தவர்களில் ஓராண்டுக்குள் மாற்றம் தானாக மறைந்தவர்கள் அதிகம்.

காப்பாற்றும் பாக்டீரியா எது என்பதில் இவை ஒத்துப்போகவில்லை. கெடுக்கும் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரே பட்டியல் திரும்பத் திரும்ப வருகிறது. கார்ட்னெரெல்லா, ஸ்னேதியா, பிரிவோடெல்லா, அட்டோபோபியம். ஒரு குறிப்பிட்ட நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக விற்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சான்று வலுவாக இருப்பது எதிரியைப் பற்றி. அவர்கள் விற்பதோ நண்பனை.

எது முந்தியது?

இரண்டு ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதிலிருந்து ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று முடிவுகட்ட முடியாது. மூன்று விளக்கங்கள் போட்டியிடுகின்றன.

முதலாவது, குலைவு முந்தியது, வைரஸ் பிந்தியது. இதற்கு உயிரியல் தர்க்கம் இருக்கிறது. எச்.பி.வி. யோனி, கருப்பைவாய்ச் சுவரின் அடித்தள செல்களைத் தொட்டால்தான் குடியேற முடியும். அதற்குச் சுவரில் நுண்ணிய கீறல் வேண்டும். கார்ட்னெரெல்லாவும் பிரிவோடெல்லாவும் சுரக்கும் சியாலிடேஸ் என்ற நொதி சளிப்படலத்தை அரிக்கிறது. கார்ட்னெரெல்லாவின் நச்சுப் புரதம் செல்களின் உறையில் துளையிடுகிறது. இனர்ஸிடமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நச்சு இருக்கிறது. லாக்டிக் அமிலத்தின் இரு வடிவங்களில் ஒன்றை மட்டுமே அது சுரக்கிறது என்பது அதன் காவல் பலவீனமாக இருப்பதற்கான விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

இரண்டாவது, வைரஸ் முந்தியது. 2022இல் பெல்ஜியத்தின் லீஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதற்கு வலுவான ஆதாரம். யோனிச் சுவரின் செல்கள் இயல்பாகச் சுரக்கும் சில தற்காப்புப் புரதங்களை லாக்டோபேசில்லஸ் உணவாகப் பயன்படுத்துகிறது. எச்.பி.வி. புகுந்த செல்கள் அவற்றின் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. தன்னை எதிர்க்கும் புரதத்தை வைரஸ் அடக்குகிறது. அதனால் லாக்டோபேசில்லஸ் பட்டினி கிடக்கிறது. குலைவு இங்கே காரணமல்ல, விளைவு.

மூன்றாவது, இரண்டையும் வேறொன்று கொண்டுவருகிறது. 2025இல் ஆஸ்திரேலியாவில் 164 இணையரிடம் நடந்த ஆய்வு இங்கே முக்கியமானது. பாக்டீரியல் வெஜினோசிஸுக்குப் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை அளித்தபோது 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினருக்கு அது திரும்ப வந்தது. ஆண் துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்தபோது 35 விழுக்காட்டினருக்கே வந்தது. அதாவது இந்தக் குலைவும் துணையிடமிருந்து தொற்றக்கூடியது. எச்.பி.வி.யும் அதே வழியில்தான் வருகிறது. புதிய துணை ஒருவரிடமிருந்து இரண்டுமே ஒன்றாக வந்து சேரலாம். அப்போது ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு தெரியும். காரண உறவு இருக்க வேண்டியதில்லை. துணைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்துவிட்டோம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பங்கேற்பாளர் வாய்மொழியாகச் சொன்ன எண்ணிக்கை அது. துணையின் துணைகள் எத்தனை பேர் என்பதை எந்தப் படிவமும் கேட்டு அறிய முடியாது.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வது எளிதாக இருந்திருக்கும், மித்ரா குழுவின் 2021ஆம் ஆண்டு ஆய்வு வந்திராவிட்டால். முன்புற்றுத் திசுவை வெட்டி அகற்றிய 103 பெண்களிடம், அகற்றும்போதும் ஆறு மாதம் கழித்தும் அவர்கள் மாதிரி எடுத்தார்கள். லாக்டோபேசில்லஸ் அருகிய நிலை முன்பு 20 விழுக்காட்டினரிடம் இருந்தது. அகற்றிய பிறகும் அதே 20. நலமான பெண்களில் அது 3 விழுக்காடு மட்டுமே. அழற்சியைக் காட்டும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களும் இறங்கவில்லை. வைரஸ் பீடித்த திசுதான் முழுக் காரணம் என்றால், அது போனபின் நிலைமை திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இப்பெண்களில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சூழல் நோய்க்கு முன்பே இருந்த தன்மை என்ற முடிவை அந்த ஆய்வு ஆதரிக்கிறது. வைரஸ் முந்தியது என்ற விளக்கத்தை அது முற்றாக வீழ்த்தவில்லை. ஏனெனில் திசுவை வெட்டியதும் வைரஸ் எல்லோரிடமும் உடனே மறைந்துவிடுவதில்லை. ஆனால் அதைத் தனித்து நிற்க விடவுமில்லை.

நோய் எதிர்ப்பு: கூடுதலா, குறைவா, வேறா?

இந்த விவாதத்தில் அதிகம் குழப்பப்படும் பகுதி இது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் வைரஸ் தங்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தப் பொதுக்கூற்று உண்மைதான். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆபத்து ஆறு மடங்கு என்பதே அதற்குச் சான்று. வைரஸை அகற்றுவது டி செல்கள், அதிலும் அவற்றின் ஒரு குறிப்பிட்ட வகைத் தாக்குதல்.

யோனி நுண்ணுயிர்க் குலைவில் நடப்பதோ வேறு. அங்கே எதிர்ப்பு குறைவதில்லை, பொங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே உம்லாசியில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், பலவகை பாக்டீரியாக்கள் மிகுந்தவர்களிடம் அழற்சி சைட்டோகைன்கள் பல மடங்கு இருந்தன. அவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தும் நான்கு மடங்கு. எச்.ஐ.வி. விஷயத்தில் இதன் இயக்கம் தெளிவானது. அழற்சி அழைத்துவரும் சிடி4 வகை டி செல்களே எச்.ஐ.வி.க்கு இரை. எச்.பி.வி.யின் இரை அந்தச் செல்கள் அல்ல. யோனிச் சுவரின் தோற்செல்கள். ஆகவே எச்.ஐ.வி. ஆய்வின் முடிவை எச்.பி.வி.க்கு அப்படியே பெயர்த்து நட முடியாது.

எச்.பி.வி.யின் திறமையே சத்தமில்லாமல் இருப்பதில்தான். அது செல்லை வெடிக்கச் செய்வதில்லை. இரத்தத்தில் கலப்பதில்லை. அதன் இ6, இ7 புரதங்கள், இன்டர்ஃபெரான் என்ற அபாய அறிவிப்பையும், நோய்க்கூறை டி செல்லுக்குக் காட்டும் மூலக்கூறுகளையும் அடக்குகின்றன. இயற்கையாகத் தொற்று வந்தவர்களில் கணிசமானோருக்கு எதிர்ப்பொருள் உருவாவதே இல்லை. உருவானாலும் மிகக் குறைந்த அளவே. இப்படிப்பட்ட வைரஸைப் பொறுத்தவரை, அழற்சி அதை விழித்துப் பிடிக்க உதவும் என்று கூட ஒருவர் வாதிடலாம். பாக்டீரியாக் குலைவு ஏற்படுத்தும் அழற்சி அப்படி உதவாததற்கு என்ன காரணம்?

இங்கேதான் ஆய்வுகளின் அளவீட்டுக் குறை தெரிகிறது. பெரும்பாலான ஆய்வுகள் யோனித் திரவத்தில் இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-8 போன்றவற்றை அளக்கின்றன. பஞ்சுக் குச்சியில் எளிதில் கிடைப்பவை அவை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அழைக்கும் சமிக்ஞைகள். பாக்டீரியாவுக்கு எதிரான படை. எச்.பி.வி.யை அகற்றும் டி செல்கள் திசுவுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் திசுவெடுப்பு வேண்டும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அது நோயாளிக்குத் துன்பம், ஆய்வுக்குச் செலவு. எனவே எளிதில் அளக்கக் கிடைப்பதை அளந்துவிட்டு, அளக்காததைப் பற்றி முடிவு சொல்லும் வழக்கம் இத்துறையில் இருக்கிறது. மெக்சிகோவில் 32 பெண்களிடம் நடந்த ஒரு முன்னோட்ட ஆய்வு, புற்றுநோயாளிகளிடம் எதிர்ப்பை அடக்கும் இன்டர்லூக்கின்-10 மிகுந்திருப்பதைக் கண்டது. அதை நுண்ணுயிர்களோடு இணைத்துப் பேசினார்கள். ஆனால் புற்றுக்கட்டியே தன் பாதுகாப்புக்காக அத்தகைய சூழலை உண்டாக்கக்கூடியது. கட்டி வந்தபின் எடுத்த மாதிரியில் கட்டிக்கு முந்தைய கதையைப் படிக்க முடியாது.

குலைவு எதிர்ப்பைக் குறைக்கிறது என்பதைவிட, தவறான திசையில் ஈர்க்கிறது என்ற விளக்கமே இருக்கும் தரவுகளுக்குப் பொருந்துகிறது. பாக்டீரியாவுக்கு எதிரான நீடித்த அழற்சி சுவரை நைந்துபோகச் செய்கிறது. வைரஸுக்கு எதிரான டி செல் வேலை தனியே, மந்தமாகவே நடக்கிறது. இது சரியென்றால், குலைவின் பங்கு வைரஸ் நுழைவதில் அதிகமாகவும், தங்குவதில் குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே கண்ட 1.33, 1.14 என்ற எண்கள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. 2.01 என்ற மூன்றாவது எண் இதற்கு முரணாகத் தோன்றும். தீவிர மாற்றம் கண்டபின் திசுவே சூழலைக் கெடுப்பதும் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

சரிசெய்தால் வைரஸ் போகிறதா?

காரணம் என்று நிறுவுவதற்கு நேர்வழி, அதை மாற்றிப் பார்ப்பது. இங்கே முடிவுகள் ஏமாற்றமளிக்கின்றன.

2013இல் பெல்ஜியத்தில், லேசான மாற்றமும் எச்.பி.வி.யும் இருந்த 54 பெண்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் தினமும் நல்ல பாக்டீரியா அடங்கிய ஒரு புரோபயாடிக் பானம் அருந்தினார்கள். அவர்களில் 60 விழுக்காட்டினருக்கு செல் மாற்றம் மறைந்தது, அருந்தாதவர்களில் 31. ஆனால் வைரஸ் விலகியது 29க்கு 19 என்ற அளவில்தான். அது தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிப் பானம் தரப்படவில்லை என்பது இன்னொரு குறை. 2018இல் இத்தாலியில் 117 பெண்களிடம் நடந்த ஆய்வு, யோனியில் வைக்கும் லாக்டோபேசில்லஸ் மாத்திரையை ஆறு மாதம் பயன்படுத்தியவர்களுக்கு மூன்று மாதம் பயன்படுத்தியவர்களைவிட நல்ல பலன் கிடைத்ததாகச் சொன்னது. அதிலும் போலி மருந்து இல்லை. 2019இல் தைவானில் 121 பெண்களிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வில், வாய்வழி புரோபயாடிக் அதிக ஆபத்துள்ள எச்.பி.வி. விலகுவதில் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. கட்டுப்பாடு இறுகிய இடத்தில் பலன் கரைந்துபோனது.

எச்.பி.வி. சிகிச்சை ஆய்வுகளில் போலி மருந்துக் குழு தவிர்க்கவே முடியாதது. இந்த வைரஸ் பெரும்பாலோருக்குத் தானாகவே போகும். எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பலருக்கு அது இருக்காது. மழைக்காலம் முடிகையில் யாகம் நடத்திவிட்டு மேகம் கலைந்ததற்குப் பெயர் வாங்கிக்கொள்வதைப் போன்றதே, ஒப்பீட்டுக் குழு இல்லாத ஒவ்வொரு வெற்றி அறிக்கையும்.

நுண்ணுயிர்களை மாற்றவே முடியாது என்பதல்ல. 2020இல் வெளியான ஆய்வொன்றில் 228 பெண்களுக்கு மெட்ரோனிடசோல் களிம்புக்குப் பிறகு கிரிஸ்பேட்டஸ் பாக்டீரியாவையோ போலி மருந்தையோ யோனியில் வைத்தார்கள். 12 வாரங்களில் பாக்டீரியல் வெஜினோசிஸ் திரும்பியது 30 விழுக்காட்டினருக்கு; போலி மருந்துக் குழுவில் 45. தரமான கட்டுப்பாட்டில் கிடைத்த மெய்யான பலன் இது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது வெஜினோசிஸை, எச்.பி.வி.யை அல்ல. இதே தரத்தில், ஒவ்வொரு வைரஸ் வகையையும் தனியே கணக்கிட்டு, இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, முன்புற்று மாற்றத்தை இறுதி அளவாகக் கொண்ட ஆய்வுதான் கேள்வியைத் தீர்க்கும்.

தீர்ப்பு

யோனி நுண்ணுயிர்க் குலைவுக்கும் எச்.பி.வி.க்கும் தொடர்பு உண்டு. அது மெய், மிதமானது. காரண உறவு இருக்கக்கூடியதே, ஆனால் ஒருவழிப் பாதை அல்ல. குலைவு வைரஸுக்கு வழிவிடுகிறது, வைரஸ் குலைவை வளர்க்கிறது, பாலுறவுச் சூழல் இரண்டையும் கொண்டுவருகிறது. குலைவைச் சரிசெய்தால் எச்.பி.வி. விலகும் என்பது நிறுவப்படவில்லை. முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்குப் பகுதி ஆம், மூன்றாவதற்கு இதுவரை இல்லை.

இந்தத் துறையைத் தள்ளிவிட வேண்டும் என்பதல்ல என் முடிவு. யாருக்கு முன்புற்று மாற்றம் தானாக மறையும், யாருக்கு வெட்டி அகற்ற வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் அடையாளமாக நுண்ணுயிர்கள் பயன்படக்கூடும். தாய்மைக்குக் காத்திருக்கும் இளம்பெண்ணுக்குத் தேவையற்ற அறுவையைத் தவிர்ப்பது சிறிய பலனல்ல. என் மறுப்பு, கருதுகோள் மருந்தாக விற்கப்படுவதைப் பற்றியது.

இதில் ஒரு சமூக ஆபத்தும் இருக்கிறது. சமநிலைக் குலைவு என்ற சொல் நம் வீடுகளுக்குள் வரும்போது சுத்தமின்மை என்று எளிதில் பொருள் மாறும். பழி பெண்ணின் மேல் விழும். உண்மையில் சோப்பும் வாசனைத் திரவமும் கொண்டு உள்ளே கழுவுவதுதான் லாக்டோபேசில்லஸை விரட்டுகிறது. வெஜினோசிஸ் திரும்பத் திரும்ப வந்தால் கணவனையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே 2025 ஆய்வின் பாடம். வாடையோடு வெள்ளைப்பட்டால் அதற்காகவே சிகிச்சை பெற வேண்டும். புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல.

தடுக்கும் என்று நிறுவப்பட்டவற்றை எதிரே வைத்துப் பாருங்கள். ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்ததில், புற்றுநோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனை இறப்பை ஏறத்தாழ பாதியாக்கியது. அந்தக் கிராமங்களில் யாருடைய யோனி பாக்டீரியாவையும் யாரும் எண்ணவில்லை.

இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இப்புற்றுநோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. திண்டுக்கல் வழிகாட்டிய மாநிலத்திலேயே பத்தில் ஒன்பது பெண்கள் அந்தப் பரிசோதனை மேசையை எட்டவில்லை. புரோபயாடிக் மாத்திரைக்குச் செலவழிக்கும் முன், வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் மகள் இருந்தால் அவளுக்குத் தடுப்பூசி போடுங்கள். 30 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கருப்பைவாய்ப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.